இரகசிய ஞானமும் ஏழைகளின் விசுவாசமும்

நம் பங்குகளில் படித்த இளைஞர் சிலர் அண்மைக் காலமாக ஒரு கேள்வியைக் கேட்டு வருகின்றனர். மத்தேயு, மாற்கு, லூக்காஸ், அருளப்பர் ஆகிய நால்வர் எழுதியவற்றைத் தவிர வேறு நற்செய்திகளும் இருந்தனவாமே? தோமையார் பேராலும், பிலிப்பு பேராலும், ஏன், யூதாசின் பேராலும்கூட நூல்கள் கிடைத்திருக்கின்றனவாமே? ஆயர்கள் அவற்றை ஏன் ஒளித்து வைத்தார்கள்? இவர்கள் குறும்புக்காகக் கேட்பவர்கள் அல்லர். எங்கோ படித்ததையும் பார்த்ததையும் எண்ணி உள்ளூரக் கலங்கியே கேட்கின்றனர். பெற்றோர்களோ, "அதெல்லாம் பதிதர் எழுதிய நூல்கள், நமக்கெதற்கு?" என்று சொல்லி வாயடைத்து விடுகின்றனர். அந்த விடை பிழையன்று, ஆனால் போதாது. கேள்வி நேர்மையானதாயின் விடையும் விரிவாயிருத்தல் வேண்டும். ஆகவே சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்ப்போம்.

1945ஆம் ஆண்டின் இறுதியில், மேல் எகிப்தில் நாக் ஹம்மாதி என்னும் ஊருக்கு அருகே, வயலுக்கு உரமண் தோண்டச் சென்ற குடியானவர்களுக்கு ஒரு மட்சாடி கிடைத்தது. அதனுள் தோலுறையிட்ட ஏடுகள் இருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்த தாள்களில் சிலவற்றைக் கண்டெடுத்தவரின் தாயார் அடுப்பெரிக்கப் பயன்படுத்திவிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. எஞ்சியவை பதின்மூன்று ஏடுகள். அவற்றில் ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்கள். எல்லாம் கொப்திய மொழியில், 4ஆம் நூற்றாண்டில் படியெடுக்கப்பட்டவை; மூலமோ கிரேக்கம். ஏடுகள் இப்பொழுது கெய்ரோ நகரின் கொப்திய அருங்காட்சியகத்தில் உள்ளன. 1977இல் அவை அனைத்தும் ஆங்கிலத்தில் ஒரே தொகுப்பாக வெளிவந்தபோதுதான் பொதுமக்களுக்கு அவற்றின் செய்தி எட்டியது. யூதாசின் பேரால் வழங்கும் நூல் இவற்றில் சேர்ந்ததன்று. எகிப்தில் வேறோரிடத்தில் கிடைத்து 2006இல் வெளியிடப்பட்டது.

இந்நூல்களை எழுதியோரை ஞானவாதிகள் என்கிறோம். அறிவைக் குறிக்கும் 'க்னோசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் இது. 1945க்கு முன்னர் இவர்களைப் பற்றி உலகம் அறிந்திருந்ததில் பெரும் பகுதி, இவர்களை மறுத்து எழுதியவர்களின் நூல்கள் வழியாகவே வந்தது. அவர்களுள் முதன்மையானவர் லியோன் நகர ஆயர் புனித இரேனேயு. அவருடைய வாழ்க்கையை அறியாமல் அவருடைய நூலை மட்டும் படிப்போர், ஏதோ இரு பள்ளிகளின் புலவர்கள் தமக்குள் வாதாடினர் என்றே எண்ணுவர். அது அவ்வாறன்று.

இரேனேயு சின்ன ஆசியாவில் பிறந்தவர். இளம் பருவத்தில் ஸ்மிர்னா நகர ஆயர் புனித பொலிக்கார்ப்புவின் காலடியில் அமர்ந்து கேட்டவர். பொலிக்கார்ப்புவோ, ஆண்டவரைக் கண்ணாரக் கண்ட அருளப்பரோடு பழகியவர். ஆண்டவருக்கும் இரேனேயுவுக்கும் இடையே இரண்டே தலைமுறைகள். நம் வீட்டில் பாட்டனாரின் தந்தையைப் பற்றிப் பாட்டனார் சொல்லக் கேட்டிருப்போமே, அத்தனை அண்மை.

அதே ஊரில், அதே முதியவரைச் சுற்றி வந்த இன்னோர் இளைஞரும் இருந்தார். பெயர் புளோரீனு. அரசவைச் செல்வாக்கு உடையவராய் விளங்கிய அவர், பொலிக்கார்ப்புவின் நன்மதிப்பைப் பெற ஆவலாயிருந்தார். பிற்காலத்தில் உரோமையில் குருவாகவும் இருந்த இவர், வாலெந்தீனு என்பவரின் தப்பறையில் வீழ்ந்தார். இதைக் கேள்வியுற்ற இரேனேயு அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் ஒரு பகுதியை வரலாற்றாசிரியர் எவுசேபியு நமக்குக் காத்துத் தந்திருக்கிறார். நேற்று நடந்ததைவிட அந்நாள் நிகழ்ச்சிகளே தமக்குத் தெளிவாக நினைவில் நிற்கின்றன என்கிறார் இரேனேயு. பொலிக்கார்ப்பு அமர்ந்து பேசிய இடம், அவர் வருவது, போவது, அவருடைய தோற்றம், அருளப்பரோடு தாம் பழகியதை அவர் எடுத்துரைத்த விதம் ஆகிய யாவற்றையும் தாளில் அன்று, இதயத்திலேயே எழுதி வைத்ததாகச் சொல்கிறார். இன்று புளோரீனு போதிப்பதை அம்முதியவர் கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டு, தாம் நின்ற இடத்தை விட்டே ஓடியிருப்பார் என்று முடிக்கிறார். சினமும் அன்பும் ஒருங்கே கொண்ட கடிதம் அது. பதிதர் என்று நாம் பொதுப்பட ஒதுக்கிவிடும் கூட்டத்தில் இரேனேயு கண்டது தம்முடைய இளமைக்கால அறிமுகத்தின் முகம்.

அப்படி என்னதான் போதித்தார்கள்? ஞானவாதம் ஒரே கொள்கை அன்று. பல பிரிவுகள் உண்டு. எகிப்தியரான வாலெந்தீனு 140ஆம் ஆண்டையொட்டி உரோமைக்கு வந்து, திருச்சபைக்குள் இருந்தவாறே போதித்தவர். பெரும் நாவன்மை படைத்தவர். அவருடைய சீடர்கள் விரித்துரைத்தபடி, காண முடியாத பரம்பொருளிலிருந்து முப்பது தெய்வீக ஆற்றல்கள் இரண்டிரண்டாகத் தோன்றின. அவற்றுள் கடைசியானதாகிய ஞானம் என்பவள் தவறிழைத்தாள். அத்தவறின் விளைவாக இழிந்ததொரு படைப்புக் கடவுள் தோன்றி, இந்த மண்ணையும் விண்ணையும் நம் உடலையும் உண்டாக்கினார். ஆகவே உலகம் ஒரு விபத்து. உடல் ஒரு சிறை. மீட்பு என்பது பாவத்திலிருந்து அன்று, அறியாமையிலிருந்து. மேலுலகின் பொறி ஒன்று சிலருக்குள் மட்டும் அடைபட்டுக் கிடக்கிறது. அதை நினைவூட்டவே கிறிஸ்து வந்தார்.

எல்லாருக்கும் அன்று, சிலருக்கு மட்டும். இந்த இடத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மனிதர் மூவகையினர் என்றனர் வாலெந்தீனியர். ஆவிக்குரியோர் இயல்பிலேயே மீட்படைந்தவர்கள். அவர்கள் தாமே என்பது சொல்லாமலே விளங்கும். மண்ணுக்குரியோர் இயல்பிலேயே அழிவுக்குரியவர்கள். இடையே ஆன்மாவுக்குரியோர் என்றொரு வகையினர். ஞாயிறுதோறும் கூடிச் செபித்து, விசுவசித்து, நற்செயல் புரிந்து, தட்டுத்தடுமாறிக் கரையேறப் பார்க்கும் சாதாரணக் கிறிஸ்தவர்கள் இவர்கள். இவர்களுக்கும் ஓர் இடம் உண்டாம், திண்ணையில்! உள்ளே அன்று.

வேறு சிலர் இன்னும் ஒரு படி சென்றனர். ஆண்டவர் உண்மையில் பாடுபடவே இல்லை. சிலுவை சுமந்த சிரேனே ஊர்ச் சீமோனே அவருக்குப் பதிலாக அறையப்பட்டார் என்று பசிலீதெஸ் என்பவரின் கூட்டத்தார் கூறியதாக இரேனேயு எழுதுகிறார். அறையுண்டவரை வெளிப்படையாக அறிக்கையிடுபவன் இன்னும் அடிமைதான், விடுதலை பெற்றவன் அல்லன் என்பதும் அவர்கள் கூற்று. அந்தியோக்கியாவைச் சார்ந்த சத்துர்னீனு, திருமணமும் மக்கட்பேறும் சாத்தானின் ஏற்பாடு என்றே போதித்தாராம். குடும்பம் நடத்தும் நாம் இதைக் கேட்டு நகைக்கலாம். ஆனால் தன் குழந்தையைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டிய ஒரு தாயிடம், நீ செய்திருப்பது பேயின் வேலை என்று 2ஆம் நூற்றாண்டில் ஒருவர் வந்து சொன்னால் அவள் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

இவற்றையெல்லாம் லியோன் நகரில் நின்று கேட்க வேண்டும். அப்பொழுதுதான் அவற்றின் கனம் புரியும். அங்கே 177ஆம் ஆண்டில் நிகழ்ந்தது என்ன?

லியோன் அந்நாளில் கால் நாட்டின் தலைநகர் போன்றது. ரோன் நதியும் சோன் நதியும் கூடுமிடம். அங்கும் அருகிலிருந்த வியென் நகரிலும் வாழ்ந்த கிறிஸ்தவர்களுள் பலர் ஆசியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். மார்க்கு அவுரேலியு பேரரசரின் காலத்தில், குழந்தைகளைக் கொன்று தின்கிறார்கள், முறைகேடாக உறவு கொள்கிறார்கள் என்றெல்லாம் பழி சுமத்தி ஊரார் அவர்கள்மீது பாய்ந்தனர். தொண்ணூறு வயதைக் கடந்த ஆயர் பொத்தீனு அடியுண்டு சிறையில் இரண்டாம் நாள் உயிர் நீத்தார். பிளாந்தினா என்னும் அடிமைப் பெண்ணின் வரலாற்றை நம்மில் பலர் அறிவர். மெலிந்த உடலினள், இவள் தாங்குவாளோ என்று அவளுடைய எசமானியே அஞ்சினாள். அந்த எசமானியும் அக்கூட்டத்தில் ஒரு வேதசாட்சி. பிளாந்தினாவைக் காலை முதல் மாலை வரை மாறி மாறி வதைத்தவர்களே கை சோர்ந்தனர். தங்களிடையே தீயது ஏதும் நிகழ்வதில்லை என்பதையே அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். கம்பத்தில் கட்டப்பட்டிருந்த அவளைக் கண்ட மற்றவர்கள், தங்களுக்காக அறையுண்ட ஆண்டவரையே அச்சகோதரியின் உருவில் கண்டதாகச் சொன்னார்கள். பின்னொரு நாள், பதினைந்து வயதான பொந்திக்கு என்ற சிறுவனுக்குத் துணிவூட்டி அனுப்பிவிட்டு, கடைசியாக அவளும் வலையில் சுற்றப்பட்டுக் காளையின்முன் எறியப்பட்டாள்.

அதற்குப் பின் நடந்ததையே நாம் இங்கு முதன்மையாகச் சொல்ல விரும்புகிறோம். உயிர் நீத்தோரின் உடல்களை அடக்கம் செய்ய உறவினரை விடவில்லை. ஆறு நாட்கள் வெட்டவெளியில் கிடத்தினர். பின்னர் எரித்துச் சாம்பலாக்கி ரோன் நதியில் பெருக்கித் தள்ளினர். ஏன்? உடல் உயிர்த்தெழும் என்று நம்பித்தானே இவர்கள் சாவுக்கு அஞ்சாதிருக்கிறார்கள், இனி எப்படி எழுவார்கள் பார்ப்போம் என்பது அவர்கள் எண்ணம். இச்செய்தி கட்டுக்கதை அன்று. உயிர் தப்பிய கிறிஸ்தவர்கள் ஆசியாவிலிருந்த தம் சகோதரர்களுக்கு எழுதிய நீண்ட மடலில் இது இருக்கிறது.

இரேனேயு அப்பொழுது குரு. சிறையிலிருந்தவர்கள் அவரிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்துப் பாப்பரசர் எலெயுத்தேரியுவிடம் அனுப்பியிருந்தனர். அவர் உரோமையினின்று திரும்பி வந்து, இறந்த பொத்தீனுவின் இடத்தில் ஆயரானார். கல்லறைகூட இல்லாத இறந்தோர்; அவர்களின் தாய்மார், மனைவியர், பிள்ளைகள். இவர்களே அவருடைய மந்தை. உடல் வெறும் கூடு, அது அழிந்தாலும் ஒன்றுமில்லை, அறையுண்டவரை அறிக்கையிடத் தேவையுமில்லை என்று ஒரு போதகர் வந்து இவர்களிடம் சொன்னால், பிளாந்தினாவும் பொந்திக்குவும் அறிவீனத்தால் மாண்டார்கள் என்றுதானே பொருள்?

அத்தகைய போதகர்கள் வரவும் செய்தனர். மார்க்கு என்னும் ஒருவனின் சீடர்கள் ரோன் நதிப் பகுதியிலேயே சுற்றித் திரிந்தனர். அந்த மார்க்கு, கிண்ணத்தில் கலந்த இரசம் கண் முன்னே செந்நிறமாக மாறும்படி வித்தை காட்டி, செல்வக் குடும்பத்துப் பெண்களைத் தேடிப் பிடித்தவன். ஆசியாவில் ஒரு தியாக்கோனின் வீட்டில் விருந்தினனாக இடம்பெற்று, அழகியான அவருடைய மனைவியையே மயக்கி அழைத்துச் சென்றான். சகோதரர்கள் பெரும்பாடுபட்டு அவளை மீட்டனர். தன் எஞ்சிய நாட்களை அவள் கண்ணீரிலும் பாவ அறிக்கையிலும் கழித்தாள் என்கிறார் இரேனேயு. அவளைத் திரும்ப ஏற்றுக்கொண்ட சகோதரர்களையும் நாம் நினைவிற் கொள்வோம்.

இச்சூழ்நிலையில்தான் 180ஆம் ஆண்டையொட்டி இரேனேயு ஐந்து நூல்களை எழுதினார். 'தப்பறைகளுக்கு எதிராக' என்ற சுருங்கிய பெயரால் அவை வழங்குகின்றன. கெல்த்தியர் நடுவே வாழ்ந்து அவர்கள் மொழியையே பேசிப் பழகிவிட்ட தம்மிடம் சொல்லழகை எதிர்பார்க்க வேண்டாமென்று தொடக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார். ஆனால் மனிதருக்கு நகைச்சுவை குறைவில்லை. வாலெந்தீனியர் வாய்க்கு வந்தபடியெல்லாம் தெய்வீக ஆற்றல்களுக்குப் பெயர் சூட்டுகிறார்களே, நாமும் சூட்டுவோம் என்று, ஆதியில் சுரைக்காய் இருந்ததாம், அதனோடு முழுவெறுமை என்றோர் ஆற்றல் இருந்ததாம், இரண்டும் சேர்ந்து வெள்ளரிக்காயைத் தோற்றுவித்தனவாம் என்று ஒரு காய்கறிப் புராணமே பாடிவிடுகிறார்! மறைநூல் சொற்களை ஞானவாதிகள் கையாளும் முறைக்கு அவர் தரும் உவமையும் சிறந்தது. கைதேர்ந்த ஒருவன் மணிகளைப் பதித்து அரசனின் உருவத்தை அமைத்திருக்கிறான். வேறொருவன் அதே மணிகளைப் பெயர்த்து நரியின் உருவமாக அடுக்கி, இதோ பாருங்கள், இதுதான் அரசன், மணிகள் அவையேதாம் என்கிறான். அரசனை ஒருபோதும் கண்டிராதவன் நம்பிவிடுவான்.

அப்படியானால் அரசனைக் கண்டவர்கள் யார்? இரேனேயுவின் விடை எளியது. அப்போஸ்தலர்கள் நிறுவிய சபைகளைக் கேளுங்கள். ஆயருக்குப் பின் ஆயராக யார் யார் வந்தனர் என்பது ஊரறிந்த செய்தி. தனியே அழைத்துச் சிலருக்கு மட்டும் சொல்லும் மறைபொருள் ஒன்றை அப்போஸ்தலர்கள் அறிந்திருந்தால், தம் இடத்தில் தாம் அமர்த்திய ஆயர்களிடம் அல்லவா முதலில் சொல்லியிருப்பார்கள்? உரோமைச் சபையின் ஆயர்களை இராயப்பர், சின்னப்பர் காலந்தொட்டு எலெயுத்தேரியு வரை அவர் பெயர் பெயராக எடுத்துரைக்கிறார். நான்கு நற்செய்திகள், நான்கு மட்டுமே என்று தெளிவாக வரையறுத்து எழுதியவருள் நாம் அறிந்தவரை முதல்வரும் அவரே.

நம் உள்ளத்தைத் தொடும் வாதம் இன்னொன்று. தாளும் மையும் இல்லாமலே விசுவசிக்கும் மக்கள் இருக்கிறார்கள் என்கிறார். எழுத்தறியாத பிற இனத்தார். மீட்பின் செய்தி அவர்கள் இதயத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இப்பதிதப் போதனைகளை யாராவது அவர்களுடைய மொழியில் எடுத்துச் சொன்னால் அவர்கள் காதை மூடிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்கிறார். பொலிக்கார்ப்பு செய்திருக்கக்கூடியதாகப் புளோரீனுவுக்கு எழுதியதும் இதையேதான்! மாபெரும் ஆயருக்கும் எழுத்தறியாத கெல்த்தியக் குடியானவருக்கும் ஒரே காது, ஒரே விசுவாசம். பகலெல்லாம் பாடுபட்டு மாலையில் செபமாலையைக் கையிலெடுக்கும் நம் பாட்டிமார்களை எண்ணாமல் இப்பகுதியை நம்மால் படிக்க முடிவதில்லை.

ஐந்தாம் நூல் முழுவதுமே உடலைப் பற்றியது என்றால் மிகையாகாது. ஆண்டவரின் திருவுடலாலும் திரு இரத்தத்தாலும் ஊட்டப்பெறும் இந்த உடல் அழிவோடு முடிந்துவிடும் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். மண்ணில் விழுந்து மட்கும் கோதுமை மணி, நட்ட பின் உரிய காலத்தில் கனி தரும் திராட்சைக் கொடி, இவற்றிலிருந்து வரும் அப்பமும் இரசமும் நற்கருணையாகின்றன. மண் இழிந்ததானால், இழிந்த கடவுளின் படைப்பானால், இவற்றைக் கையிலெடுத்துத் தம் உடல் என்றும் இரத்தம் என்றும் ஆண்டவர் சொல்வாரா? அவ்வாறே நம் உடல்களும் மண்ணில் இடப்பட்டுச் சிதைந்து, உரிய வேளையில் எழும் என்கிறார். ரோன் நதிக்கரையில் இதை வாசிக்கக் கேட்டவர்களுக்கு அந்த நதியில் கரைந்த சாம்பல் நினைவுக்கு வராமலிருக்குமா?

இனி இளைஞர்களின் கேள்விக்கு வருவோம். நாக் ஹம்மாதி ஏடுகள் வெளிவந்ததும் இரேனேயுவின் நூலை அவற்றோடு ஒத்துப் பார்த்தனர் அறிஞர்கள். எதிரியின் கொள்கையை அவர் பெரும்பாலும் உள்ளபடியே எடுத்துரைத்திருப்பது தெரியவந்தது. அவர் சுருக்கித் தந்த ஒரு பகுதி 'அருளப்பரின் இரகசிய நூல்' என்ற ஏட்டின் ஒரு பகுதியோடு நெருங்கி ஒத்திருக்கிறது. சிலுவையில் வேறொருவர் பாடுபட, கிறிஸ்து மேலே நின்று நகைத்தார் என்ற கதை ஓர் ஏட்டில் அப்படியே வருகிறது. வேதசாட்சியமே மீட்புத் தரும் என்று எண்ணுவோரை அறிவிலிகள் என ஏளனம் செய்யும் ஏடும் ஒன்று உண்டு. யூதாசின் பேரால் ஒரு நூல் இருந்ததையும் அவர் அன்றே குறிப்பிட்டிருக்கிறார். ஒளிக்க எண்ணியவர் பெயர் சொல்லி, உட்பொருள் சொல்லி, ஐந்து நூல் எழுதுவாரா? ஒளித்தவர்கள் எதிர்க்கட்சியினரே. தோமையார் பேரால் வழங்கும் நூல், இவை மறைவான சொற்கள் என்றே தொடங்குகிறது. அருளப்பர் பேரால் வழங்கும் அந்த இரகசிய நூலோ, அதைப் பரிசுக்கோ உணவுக்கோ உடைக்கோ ஈடாகக் கொடுப்பவன் சபிக்கப்படுவான் என்று முடிகிறது.

ஆயினும் நீதி இரு பக்கமும் வேண்டும். ஞானவாதிகள் பலர் ஒழுக்கக்கேடர்கள் என்றும் இரேனேயு எழுதியிருக்கிறார். இந்த ஏடுகளில் அதற்குச் சான்று இல்லை. மாறாகக் கடுந்தவமும் துறவுமே அவற்றில் மிகுதி. 'உண்மையின் நற்செய்தி' என்னும் ஏட்டைப் பொறுமையோடு படித்தால், தீக்கனவினின்று விழித்தெழுந்தவனின் நிம்மதியைப் பேசும் உருக்கமான பகுதிகள் அதில் இருப்பதை மறுக்க இயலாது. தேடிய உள்ளங்கள்தாம் வழி தவறின. பதிதம் என்பதற்குரிய கிரேக்கச் சொல்லின் மூலப் பொருளே 'தெரிவு' என்பதுதான். முழுமையிலிருந்து தமக்குப் பிடித்ததை மட்டும் தெரிந்துகொண்டு மற்றதை விட்டுவிட்டனர். ஆன்மாவைத் தெரிந்து உடலை விட்டனர். அறிவைத் தெரிந்து எளியோரை விட்டனர்.

தோமையார் பெயரைக் கண்டதும் நம்மவர்க்கு ஆவல் எழுவது இயல்பு. மயிலையில் அடக்கம் பெற்றவர் என நாம் வணங்கும் அப்போஸ்தலர் இந்த நூலை எழுதவில்லை என்பதே பெரும்பாலான அறிஞர் கருத்து. அவருடைய இந்தியப் பயணத்தைக் கூறும் 'தோமையார் பணி' என்ற பழைய சீரிய நூலிலும் இக்கால மயக்கங்களின் சாயல் உண்டு. அரசகுமாரியின் திருமண இரவிலேயே மணமக்களை இல்லறத்தினின்று விலகியிருக்கச் செய்வதாக அதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவரோடு விருந்துண்ட சீடர்களுள் ஒருவர் அப்படிச் செய்திருப்பாரோ?

வேறொரு வாதமும் உண்டு. வென்றவர்களே மெய்விசுவாசிகள் என்ற பெயரைச் சூடிக்கொண்டனர், சில நாடுகளில் பதிதம் என்கிறோமே அதுவே முதலில் வேரூன்றியிருந்தது என்று வால்ட்டர் பவர் என்னும் ஜெர்மன் அறிஞர் 1934இல் ஒரு நூலில் எழுதினார். தொடக்க காலக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் எல்லாவற்றிலும் ஒரே குரலில் பேசவில்லை என்பது மெய்யே. ஆனால் 180ஆம் ஆண்டில் வென்றவர் யார்? கொன்ஸ்தந்தீன் கிறிஸ்தவர்களுக்கு உரிமை வழங்கிய 313ஆம் ஆண்டு இன்னும் நூற்று முப்பது ஆண்டுத் தொலைவில் இருந்தது. இரேனேயுவிடம் காவலர் இல்லை, சிறை இல்லை. அவருடைய மக்களே சிறையிலிருந்து வந்தவர்கள். அவரிடமிருந்தது ஒரு முதியவரைப் பற்றிய நினைவும், ஒரு பேனாவுமே.

எல்லா வேற்றுமையையும் பதிதம் என்று அவர் கருதவுமில்லை. 190ஆம் ஆண்டையொட்டி, உயிர்ப்புத் திருநாளைக் கொண்டாடும் நாளைப் பற்றிய பூசலில் ஆசியச் சபைகளை விலக்கிவிடப் பாப்பரசர் விக்டர் முனைந்தார். நாளைப் பொறுத்தவரை இரேனேயு பாப்பரசரின் கட்சியே. இருந்தும் அவருக்குப் பணிவோடு ஒரு கடிதம் எழுதினார். முன்பு பொலிக்கார்ப்பு உரோமைக்கு வந்திருந்தபோது, பாப்பரசர் அனிசேத்துவும் அவரும் இதே காரியத்தில் ஒருவரையொருவர் இணங்கவைக்க முடியாமற் போயினர். ஆனாலும் அனிசேத்து, மரியாதையின் பொருட்டு, தம் கோவிலில் நற்கருணைப் பலியை நிறைவேற்றும் பொறுப்பைப் பொலிக்கார்ப்புவுக்கே விட்டுக்கொடுத்தார். இருவரும் சமாதானமாகப் பிரிந்தனர். அதை விக்டருக்கு நினைவூட்டினார் இரேனேயு. அவருடைய பெயருக்கே கிரேக்கத்தில் சமாதானம் என்று பொருள் என எவுசேபியு இவ்விடத்தில் மகிழ்ந்து குறிப்பிடுகிறார்.

2022ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிசு இவரை 'ஒன்றிப்பின் மறைவல்லுநர்' என்ற பட்டத்தோடு திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். இவருடைய திருநாள் சூன் 28. லியோனில் இவர் பெயரால் ஓர் ஆலயமும் அதன் அடியில் பழங்காலக் கல்லறையும் உண்டு. அங்கிருந்த இவருடைய எலும்புகளை 1562ஆம் ஆண்டுக் கலவரத்தில் சிதறடித்துவிட்டனர். தம் மக்களைப் போலவே அவருக்கும் இப்பொழுது கல்லறையில் உடல் இல்லை.